"பை" பட்டனை அழுத்தினா கேம் நமக்குச் சொந்தமா? லேன் வசதி காணாமப் போன கதையும் நம்ம காசும்



பட்ஜெட் பத்திப் பேசும்போதெல்லாம் வீட்டு வாடகை, பெட்ரோல், எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ் இதோட நிறுத்திடுவோம். ஆனா 25, 28 வயசுல வேலைக்குப் போற நிறைய பேரோட கார்டு ஸ்டேட்மென்ட்ல இன்னொரு வரியும் தவறாம இருக்கும். அது கேம். தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு கன்சோல், சேல் போட்டதும் நாலு டைட்டில், நடுவுல ஒரு சப்ஸ்கிரிப்ஷன். இது தப்புன்னு சொல்ல வரல. சினிமாவுக்கும் பிரியாணிக்கும் செலவு பண்ற மாதிரி இதுவும் ஒரு செலவு. (ரம்மி, பந்தயம் கட்டுற ஆப் எல்லாம் வேற கணக்கு. அதை இதோட சேர்க்காதீங்க.)

இன்னைக்குக் கேள்வி இதுதான்: 4,000 ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கும்போது, அந்த 4,000-க்கு நம்ம கைக்கு வர்றது என்ன? ஒரு பொருளா, இல்ல ஒரு அனுமதியா? இதுக்குப் பதில் தெரியணும்னா கேம் உலகத்தில் 2009-ல் நடந்த ஒரு பெரிய சண்டையைத் தெரிஞ்சுக்கணும். "லேன் வசதியை ஏன் எடுத்தீங்க?" என்ற சண்டை.

முதல்ல லேன்னா என்ன?

ஒரே ரூம்ல, ஒரே ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளாலயோ ரௌட்டராலயோ இணைக்கிறது தான் லேன். இதுக்கு இன்டர்நெட் வேண்டாம். ஆபீஸ்ல நெட் கட் ஆனாலும் பிரின்டர் வேலை செய்யுது இல்லையா, அது மாதிரி. 2000-களில் நம்ம ஊர் பிரௌசிங் சென்டர்லயும் காலேஜ் ஹாஸ்டல்லயும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடினது இப்படித்தான். ஒரு கம்ப்யூட்டர் சர்வர் ஆகும், மத்தவங்க அதுல சேருவாங்க. கேமை உருவாக்கின கம்பெனிக்கு அங்கே நடக்கிற மேட்ச் பத்தி எதுவுமே தெரியாது. தெரியணும்னு அவசியமும் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. கம்பெனி இல்லாமலே கேம் ஓடும். லேனோட முழு அர்த்தமும் அதுதான்.

ஒரு சிடி, எட்டு பேர்

பிளிசார்ட் என்ற அமெரிக்க கம்பெனி 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கேமை வெளியிட்டது. அதுல ஒரு வசதி இருந்தது. இப்போ கேட்டா நம்பவே முடியாது. ஒரு ஒரிஜினல் சிடியை வச்சு, நண்பர்களோட கம்ப்யூட்டர்ல "ஸ்பான்" என்ற பெயர்ல மல்டிபிளேயருக்கு மட்டுமான காப்பியை இன்ஸ்டால் பண்ணலாம். கம்பெனியே கொடுத்த அனுமதி இது. ஒரு சிடி கீயில் எட்டு பேர் வரைக்கும் லேன்ல ஆடலாம். எட்டு பேர் சேர்ந்து காசு போட்டா தலைக்கு எட்டுல ஒரு பங்கு தான்.

இதனால கம்பெனி நஷ்டப்பட்டுதா? இல்லவே இல்லை. தென் கொரியாவில் "பிசி பாங்" என்று சொல்ற கேமிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு வந்த காலம் அது. அந்தக் கேம் அங்கே ஒரு விளையாட்டாகவே மாறியது. டிவி சேனல்கள் மேட்ச் ஒளிபரப்பின, சம்பளத்துக்கு ஆடுற வீரர்கள் வந்தாங்க. உலகம் முழுக்க விற்ற ஸ்டார்கிராஃப்ட் காப்பிகளில் கிட்டத்தட்ட பாதி கொரியாவில் மட்டுமே விற்றது. ஓசியில் ஆடிப் பழகினவன் தான் பிறகு காசு கொடுத்து வாங்கினான்னு நான் நினைக்கிறேன். மார்க்கெட்டிங் பட்ஜெட் இல்லாமலே நடந்த மார்க்கெட்டிங்.

அடுத்த பாகமான ஸ்டார்கிராஃப்ட் 2 தயாராகிட்டு இருந்தப்போ, 2009 ஜூன்ல பிளிசார்ட் ஒரு அறிவிப்பு கொடுத்தது: புதுக் கேம்ல லேன் கிடையாது. நீங்களும் உங்க நண்பரும் ஒரே மேஜைல எதிர் எதிரே உட்கார்ந்திருந்தாலும், இரண்டு பேரும் தனித்தனியா காப்பி வாங்கி, இன்டர்நெட் வழியா கம்பெனியோட பேட்டில்.நெட் சர்வருக்குப் போய்த்தான் மோதணும். ரசிகர்கள் கொதிச்சாங்க, ஆன்லைன் மனுவில் கையெழுத்து குவிந்தது. கம்பெனி மசியல. 2010 ஜூலை 27-ல் கேம் லேன் இல்லாமலே வந்தது, அமெரிக்க விலை 60 டாலர்.

கணக்கைப் பாருங்க. எட்டு பேர் ஒரு ரூம்ல ஆட முன்னாடி ஒரு சிடி போதும். இப்போ எட்டு காப்பி, மொத்தம் 480 டாலர்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு

அவங்க சொன்ன காரணங்களில் முக்கியமானது பைரசி. இது சும்மா சொன்ன சாக்கு இல்லை. ஹமாச்சி, கரீனா மாதிரி மென்பொருள்கள், வேற வேற ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர்களை ஒரே லேன்ல இருக்கிற மாதிரி கேமை நம்ப வச்சுடும். பிளிசார்டோட இன்னொரு கேமான வார்கிராஃப்ட் 3-ஐ, அதுல உருவான டோட்டாவை, ஆசியா முழுக்க எத்தனையோ பேர் ஒரிஜினல் கீ இல்லாம இப்படித்தான் ஆடினாங்க. நம்ம ஊரும் விதிவிலக்கு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். லேன் என்ற கதவு திறந்திருந்தா டிக்கெட் இல்லாதவனும் உள்ளே வருவான். பல வருஷ உழைப்பில் படம் எடுத்தவன் கதவை மூடத்தான் பார்ப்பான்.

இன்னொரு காரணம் அதிகமா பேசப்படல. கொரியாவில் டிவி சேனல்களும் அங்கிருந்த இ-ஸ்போர்ட்ஸ் சங்கமான கெஸ்பாவும் ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளை வச்சு பெரிய தொழிலே நடத்தினாங்க. அதோட உரிமை யாருடையது என்று பிளிசார்டுக்கும் அவங்களுக்கும் பல வருஷம் இழுபறி. 2010-ல் பிளிசார்ட் வேறொரு நிறுவனத்துக்கு ஒளிபரப்பு உரிமையைக் கொடுத்தது, விஷயம் கோர்ட் வரை போய் 2011-ல் சமரசமானது. இந்தப் பின்னணியில் பார்த்தா, ஒவ்வொரு மேட்சும் கம்பெனியோட சர்வர் வழியா நடந்தா யார் எங்கே ஆடுறாங்க என்பது கம்பெனி கையில். என் பார்வையில் பைரசி அளவுக்கு இந்தக் கட்டுப்பாடும் முக்கியமான லாபம்.

இதுக்கான விலையை நேர்மையா காசு கொடுத்தவன் தான் கட்டினான். பெரிய போட்டி மேடையில், பல ஆயிரம் பேர் பார்க்க, இரண்டு வீரர்கள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து ஆடும்போது இன்டர்நெட் போனா மேட்ச் காலி. 2013 மார்ச்சில் வந்த ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம் என்ற விரிவாக்கத்தில், பாதியில் நின்ற ஆட்டத்தை ரீப்ளேயிலிருந்து தொடரும் வசதியைக் கொண்டு வந்தாங்க. ஒரு கேபிள் தீர்க்க வேண்டிய பிரச்சினைக்கு மூணு வருஷம் கழிச்சு ஒட்டுப் போட்ட கதை.

ஒண்ணு சொல்லியாகணும். ஸ்டார்கிராஃப்ட் 2 சர்வர்கள் 15 வருஷம் தாண்டியும் ஓடுது. 2017 நவம்பரில் அதோட பெரும்பகுதியை இலவசமாகவே கொடுத்துட்டாங்க. பயந்த மாதிரி நடக்கல. ஆனா அது ஓடுறது அந்தக் கம்பெனி நல்லா இருக்கிறதால. உங்க கையில் இருக்கிற உரிமையால இல்லை. நாம பார்க்க வேண்டிய ரிஸ்க் இங்கேதான் இருக்கு.

நல்லா இல்லாதப்போ என்ன நடக்கும்?

2014-ல் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. கேம்ஸ்பை என்று ஒரு சேவை. நூற்றுக்கணக்கான கேம்கள் ஆன்லைனில் ஆள் சேர்க்க அதைத்தான் நம்பியிருந்தன. 2014 மே 31-ல் அதை மூடினாங்க. பேட்டில்ஃபீல்ட் 2 போன்ற கேம்களின் ஆன்லைன் சேவையை ஈஏ நிறுவனம் அடுத்த மாதக் கடைசியில் நிறுத்தியது. ஆனா அந்தக் கேம்களில் லேன் வசதி இருந்தது. அதனால டிஸ்க் வச்சிருந்தவன் நண்பர்களோட இன்றைக்கும் ஆடலாம். ரசிகர்களே மாற்று சர்வர் வச்சு சிலதை உயிரோட வச்சிருக்காங்க. கம்பெனி போனது, பொருள் நின்னது.

அதுக்கு நேர் எதிர் கதை தி க்ரூ. யூபிசாஃப்டோட கார் ரேஸ் கேம், 2014 டிசம்பரில் வந்தது. தனியா ஓட்டினாலும் சர்வர் தொடர்பு கட்டாயம். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினாங்க, 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைச்சாங்க. அன்னைக்கு ராத்திரியோட முழுக் கேமும் செத்துப்போச்சு. கடையில் டிஸ்க் வாங்கி அலமாரியில் வச்சிருந்தவனுக்கும் அதே கதி. சமீபத்தில் வாங்கினவங்களுக்கு ரீஃபண்ட் கிடைக்க வழி இருந்தது, பழைய ஆட்களுக்கு இல்லை. பிறகு பலரோட கணக்கிலிருந்து அந்த கேமின் லைசென்சையே எடுத்துட்டாங்க.

இதைப் பார்த்துதான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்தை ஆரம்பிச்சார். கோரிக்கை ரொம்ப எளிது. சர்வரை என்றைக்கும் ஓட்டச் சொல்லல. நிறுத்தும்போது, வாங்கினவன் ஏதாவது ஒரு வழியில் ஆடுற நிலையில் விட்டுட்டுப் போங்கன்னு தான் கேட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதுக்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது: தனியார் சர்வரில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, கேம் தயாரிக்கிற செலவு ஏறுமேன்னு கேட்டாங்க. முழுசா ஆன்லைனுக்காகவே கட்டின சில கேம்களுக்கு அது உண்மையான கஷ்டம். ஆனா "முடியவே முடியாது" என்று சொன்ன விஷயங்கள் பிறகு முடிஞ்சிருக்கு. 2013-ல் வந்த சிம்சிட்டிக்கு சர்வர் இல்லாம ஓடாதுன்னு சொன்னாங்க, ஒரு வருஷத்தில் ஆஃப்லைன் மோட் வந்தது. டயாப்லோ 3 கம்ப்யூட்டரில் தனியா ஆடவும் இன்டர்நெட் கேட்டது, 2012 மே மாதம் வெளியான அன்றே சர்வர் திணறி காசு கொடுத்தவங்க உள்ளே போக முடியாம நின்னாங்க. அதே கேம் 2013-ல் கன்சோலுக்கு வந்தப்போ இன்டர்நெட் இல்லாமலே, ஒரே டிவி முன்னால நாலு பேர் உட்கார்ந்து ஆடுற மாதிரி வந்தது. யூபிசாஃப்டும் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. சத்தம் போட்ட பிறகு.

காசு திரும்பக் கிடைச்ச கதையும் உண்டு. கூகுள் தன்னோட ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது வாங்கின கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட கன்கார்ட் இரண்டே வாரத்தில் நின்றபோது எல்லாருக்கும் ரீஃபண்ட். நல்ல விஷயம்தான். ஆனா ஒரு பக்கம் கூகுள், இன்னொரு பக்கம் சோனி; பெயரும் பணமும் உள்ளவங்க மூடினாங்க. சின்ன கம்பெனி திவாலானா யார்கிட்ட போய் நிப்பீங்க?

வாடகை வீடு மாதிரிகூட இல்லை

வேலைக்காக வேற ஊர்ல வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு 11 மாத அக்ரிமென்ட் தெரியும். அதுல எப்போ முடியும், காலி பண்ண எவ்வளவு நாள் முன்னாடி சொல்லணும், அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும்னு எல்லாம் எழுதியிருக்கும். ஆன்லைன் கட்டாயமான கேம்ல நாம கொடுக்கிறதும் ஒருவகை வாடகை தான். மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கிடுறாங்க, முடியும் தேதி மட்டும் எழுதலை.

கலிஃபோர்னியா மாநிலம் இதுக்கு ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, வெறும் லைசென்சை விற்கிற கடை, "வாங்குங்கள்" என்ற மாதிரி சொல்லைச் சும்மா போட முடியாது. இது லைசென்ஸ் தான், பறிபோகலாம் என்று வாங்குறவனுக்குத் தெளிவாச் சொல்லணும். இதுல எனக்குப் பிடிச்ச இடம் அந்தச் சட்டத்தின் விலக்கு. நிரந்தரமா டவுன்லோட் பண்ணி, வெளி ஹார்ட் டிஸ்க்ல வச்சு, இன்டர்நெட் இல்லாம பயன்படுத்தலாம் என்ற மாதிரி விற்றா இந்த எச்சரிக்கை தேவையில்லை. அதாவது வாங்கினதா, வாடகையா என்பதற்கு அந்தச் சட்டம் வச்சிருக்கிற கோடு, கம்பெனி இல்லாமலும் ஓடுமா என்பது. லேன் ரசிகர்கள் 2009-ல் கத்தினதும் இதைத்தான்.

சட்டம் வர்றதுக்கு முன்னாடியே, 2024 அக்டோபரில் ஸ்டீம் தன் கார்ட் பக்கத்தில் "நீங்க வாங்குறது லைசென்ஸ்" என்ற பொருளில் ஒரு வரி போட ஆரம்பித்தது. அடுத்த தடவை பாருங்க. போலந்தைச் சேர்ந்த ஜிஓஜி கடை, ஆஃப்லைன் இன்ஸ்டாலர் ஃபைலையே கையில் கொடுக்குது.

இதை பட்ஜெட்ல எப்படிக் கொண்டு வர்றது?

நான் பண்றது இதுதான். ஆன்லைன் கட்டாயம்னா அந்தக் கேமை பொருளா நினைக்கிறதே இல்லை. நிச்சயமா ஆடுவேன்னு தெரிஞ்ச மாசங்களை மட்டும் எண்ணுவேன். 4,000 ரூபாய் கேம், ஐந்து மாசம் ஆடுவேன்னா மாசம் 800. அந்த 800 என் பொழுதுபோக்கு பட்ஜெட்ல இடம் பிடிக்குதா? பிடிச்சா வாங்குவேன், இல்லைன்னா சேலுக்குக் காத்திருப்பேன். "அஞ்சு வருஷம் ஆடலாமே" என்ற சமாதானம் இங்கே செல்லாது, ஏன்னா அந்த அஞ்சு வருஷம் நம்ம கையில் இல்லை. இன்டர்நெட் இல்லாம ஓடுற, லேன் இருக்கிற கேம்னா தான் மூணு வருஷத்துக்குப் பிரிச்சுப் பார்ப்பேன். அதே 4,000, மாசம் 111 ரூபாய்.

அடுத்தது, ஓடுற செலவு. பைக் வாங்கும்போது பெட்ரோலைக் கணக்குல எடுக்கிறோம், இங்கே எடுக்கிறதில்லை. பிளேஸ்டேஷன் 3-ல் ஆன்லைன் ஆட்டம் இலவசமா இருந்தது. 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தப்போ, காசு கொடுத்து வாங்கின பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் ஆட பிளஸ் சந்தா கட்டாயமானது. நின்டென்டோவும் 2018 செப்டம்பரில் ஸ்விட்சுக்குச் சந்தா கொண்டு வந்தது. ஒரு பேச்சுக்கு மாசம் 400 ரூபாய்னு வச்சுக்குவோம். மூணு வருஷத்துக்கு 14,400. கேம் விலை 4,000 சேர்த்தா 18,400. நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடுற குழுன்னா மொத்தம் 73,600 ரூபாய். சந்தா ஒரே கேமுக்கு மட்டும் இல்லை, மத்த கேம்களுக்கும் பயன்படும், அது சரி. ஆனா நீங்க ஆடுறதே ஒரு கேம் தான்னா முழுத் தொகையும் அதோட தலையில் தான் விழும்.

லேன் இன்னும் முழுசா சாகல என்பதும் தெரிஞ்சிருக்கணும். ஸ்விட்ச்ல மாரியோ கார்ட் 8 டீலக்ஸை பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து லோக்கல் வயர்லெஸ்ல எட்டு பேர் வரை ஆடலாம், சந்தா வேண்டாம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் "ஓபன் டு லேன்" பட்டன் இருக்கு. ஸ்டார்ட்யூ வேலி, 2023-ல் வந்த பல்தூர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் பதிப்பு, இரண்டிலும் லேன் உண்டு. அவரவருக்குக் காப்பி வாங்கணும்தான், அந்த எட்டுல ஒரு பங்கு காலம் திரும்ப வராது. ஆனா வாங்கினது நிக்கும்.

இஎம்ஐ பத்தி ஒரு வார்த்தை. கன்சோலை நோ-காஸ்ட் இஎம்ஐ-ல் வாங்குறது அவரவர் இஷ்டம். ஆன்லைன் கட்டாயமான கேமை, அதுவும் ஸ்கின், சீசன் பாஸ் எல்லாம் சேர்த்து, கார்டு இஎம்ஐ-ல் போடாதீங்க. சர்வர் போன பிறகும் தவணை போகும்.

கடைசியா ஒரு செக், காசு செலவில்லாதது. ஸ்டீம்ல வாங்கின 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேட்கலாம். அதனால புதுக் கேம் இன்ஸ்டால் ஆகி ஒரு தடவை திறந்ததும், வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மறுபடி திறந்து பாருங்க. மெனு வருதா? தனியா ஆட விடுதா? மல்டிபிளேயர் பக்கத்துல லேன், லோக்கல்னு ஏதாவது இருக்கா? பத்து நிமிஷ வேலை. எதுவும் வராம "சர்வருடன் இணைக்க முடியவில்லை" என்று நின்னா, நீங்க கொடுத்தது வாடகை. அந்த வாடகை உங்களுக்குக் கட்டுப்படியாகுமான்னு யோசிக்க இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் பாக்கி இருக்கு.